சொந்தச் சபையை எதிர்த்து நின்ற போதகர்

அந்நியன் இழைக்கும் அநீதியை எதிர்ப்பதற்குத் தைரியம் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் அந்தத் தைரியத்துக்குத் துணையாக உற்றாரும் ஊராரும் நிற்பார்கள், சிறை சென்றால் மாலையிட்டு வரவேற்பார்கள், உயிர் நீத்தால் தியாகி என்று போற்றுவார்கள். தன்னுடைய சொந்த ஜனங்களே இழைக்கும் அநீதியை, அதுவும் வேதம் விதித்த தர்மம் என்று அவர்கள் மனப்பூர்வமாக நம்பிச் செய்யும் அநீதியை, எதிர்க்கத் துணிகிறவனுக்கோ அத்தகைய ஆதரவு எதுவும் கிடைப்பதில்லை. அவனை முதலில் துரோகி என்று அழைப்பவர்கள் அவனோடு ஒரே மேசையில் உண்டவர்களாகவே இருப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் நிறபேத ஆட்சியை எதிர்த்துப் போராடியவர்களுள் நெல்சன் மண்டேலாவையும் ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டூட்டுவையும் உலகம் முழுதும் அறியும். இந்த இரண்டாவது வகைத் தைரியத்துக்கு அந்நாட்டிலேயே உதாரண புருஷராக விளங்கிய பேயர்ஸ் நோடே என்ற வெள்ளைக்காரப் போதகரைப் பற்றி நம்மவர்கள் அவ்வளவாகக் கேள்விப்பட்டதில்லை.

அவர் பிறந்த சமூகத்தின் கதையைச் சற்றே அறிந்துகொண்டாலன்றி, அவர் செய்த காரியத்தின் கனம் விளங்காது. 1652-இல் நன்னம்பிக்கை முனையில் டச்சுக்காரர்கள் குடியேற்றம் அமைத்தார்கள். அவர்களோடு ஜெர்மானியரும் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளும் கலந்து உருவான சந்ததியாரே பிற்காலத்தில் போயர்கள் என்றும் ஆப்பிரிக்கானர்கள் என்றும் பெயர் பெற்றனர். 1899 முதல் 1902 வரை பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தோடு அவர்கள் நடத்திய யுத்தத்தில், ஆங்கிலேயர் அமைத்த அடைப்பு முகாம்களில் நோயாலும் பட்டினியாலும் மாண்ட போயர் பெண்களும் குழந்தைகளும் சுமார் 26,000 பேர். நாடு போயிற்று, வீடு எரிந்தது, குழந்தைகள் மாண்டார்கள் என்ற நினைவு ஆறாத புண்ணாக அந்த ஜனங்களின் நெஞ்சில் நிலைத்துவிட்டது. நசுக்கப்பட்டவர்கள் பிறரை நசுக்க மாட்டார்கள் என்று நாம் எண்ணுகிறோம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. இனி எவரும் தம்மை நசுக்காதபடி அதிகாரத்தைக் கைப்பற்ற வேண்டும் என்ற வைராக்கியமே அவர்களிடம் மேலோங்கியது. அந்த வைராக்கியத்தைப் பேணி வளர்த்த தாய்மடியாக அவர்களுடைய டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை விளங்கியது.

நிறபேதம் அந்தத் திருச்சபைக்குள் நுழைந்த விதம் மிகவும் கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் வெள்ளையரும் வெள்ளையரல்லாத கிறிஸ்தவர்களும் ஒரே ஆலயத்தில் தொழுது, ஒரே திருவிருந்தில் பங்கு கொள்வதே விதியாக இருந்தது. கறுப்பு நிறத்தவரோடு ஒன்றாகத் திருவிருந்து பெறுவதற்கு வெள்ளையருள் சிலர் கூசினார்கள். 1857-ஆம் ஆண்டு கூடிய கேப் மாகாணப் பேரவை இவ்விஷயத்தை ஆராய்ந்து, எல்லோரும் ஒன்றாகத் தொழுவதே வேதத்துக்கு இசைந்தது, விரும்பத்தக்கது என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட அதே தீர்மானத்தில், சிலருடைய பலவீனத்தின் காரணமாக இது இயலாத இடங்களில் தனிக் கட்டடத்தில் வழிபாடு நடத்திக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் அளித்தது. சபை அன்று பாவத்தைப் பாவம் என்று அறிந்தே இருந்தது. பலவீனருக்காகச் சற்றே விட்டுக்கொடுப்பதாக மட்டும் நினைத்தது. ஆனால் சலுகை வழக்கமாயிற்று, வழக்கம் விதியாயிற்று. 1881-இல் கலப்பினத்தவருக்கென்று தனித் திருச்சபையே பிரிந்தது. பின்னர் ஆப்பிரிக்கருக்கென்று ஒன்றும், 1968-இல் இந்தியருக்கென்று ஒன்றும் தோன்றின. ஒரே வேதம், ஒரே விசுவாசப் பிரமாணம், நான்கு நிறத்துக்கு நான்கு சபைகள் என்றாயிற்று.

சபையில் முளைத்த இந்தப் பிரிவினை காலப்போக்கில் ராஜ்யத்தின் சட்டமாகவும் ஆயிற்று. 1948-இல் தேசியக் கட்சி தேர்தலில் வென்றபோது பிரதமரான டி. எஃப். மலான், அரசியலுக்கு வருமுன் அதே திருச்சபையில் போதகராக இருந்தவர். கலப்பு மணத் தடைச் சட்டம் 1949-இல் வந்தது. மறு ஆண்டில், பிறக்கும் ஒவ்வொரு மனிதரையும் இன்ன நிறத்தவர் என்று பதிவு செய்யும் சட்டமும், இன்ன நிறத்தவர் இன்ன இடத்தில்தான் வசிக்கலாம் என்று வகுக்கும் குடியிருப்புப் பகுதிச் சட்டமும் வந்தன. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று, தலைமுறைகள் கடந்து டர்பன் நகரில் வீடு வாசலோடு வாழ்ந்த நம் தமிழ்க் குடும்பங்களும் இந்தக் குடியிருப்புச் சட்டத்தால் வேரோடு பெயர்த்தெறியப்பட்டவர்களுள் அடக்கம். இவ்வளவுக்கும் போதகர்கள் வேத ஆதாரம் காட்டினார்கள். பாபேல் கோபுரத்தைக் கட்டிய மனிதர்களின் மொழியைக் குழப்பி அவர்களைப் பல தேசங்களாகச் சிதறடித்தவர் கடவுளே. ஆகையால் ஜாதிகள் பிரிந்திருப்பது தெய்வ சங்கல்பம், அவற்றை ஒன்று கலப்பது அந்தக் கோபுரத்தை மறுபடியும் கட்டுவதற்கு ஒப்பாகும் என்பது அவர்கள் வாதம். ஞாயிறுதோறும் இவ்வாறு உபதேசம் கேட்ட ஒரு ஜனக்கூட்டத்துக்கு, கறுப்பர் எங்கும் உடன் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டை மறுநாள் போலீஸ்காரன் பறித்துப் பார்ப்பது கொடுமையாகத் தோன்றாததில் வியப்பில்லை.

இத்தகைய சமூகத்தின் நடுமையத்தில், 1915-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி ரூடபோர்ட் என்ற ஊரில் நோடே பிறந்தார். அவருடைய தந்தை ஜோஸுவா நோடேயும் திருச்சபைப் போதகர். போயர் யுத்தத்தில் போரிட்டவர். 1902-இல் வெரீனிகிங் என்னுமிடத்தில் சமாதான உடன்படிக்கைக்கு 54 பிரதிநிதிகள் சம்மதித்தபோது, சம்மதியாமல் மறுத்து வாக்களித்த ஆறு பேரில் ஒருவர். தம் மகனுக்கு அவர் இட்ட பெயர், பிரிட்டிஷாருக்கு எதிரான கிளர்ச்சியில் சில மாதங்களுக்கு முன் வால் நதியில் மூழ்கி இறந்த ஜெனரல் கிறிஸ்தியான் பேயர்ஸின் பெயர். ஆப்பிரிக்கானர்களின் நலனைப் பேணுவதற்கென்று 1918-இல் தொடங்கப்பட்டு, பின்னால் மந்திரிகள், நீதிபதிகள், பேராசிரியர்கள், போதகர்கள் அனைவரையும் தன் வலைக்குள் கொண்டுவந்த ‘புரூடர்பாண்ட்’ என்ற சகோதரர் சங்கத்தின் ஸ்தாபகர்களுள்ளும் அந்தத் தந்தை ஒருவர். மகன் ஸ்டெல்லன்போஷ் சர்வகலாசாலையில் பயின்ற காலத்தில் அவருக்குச் சமூகவியல் போதித்தவர், பிற்காலத்தில் பிரதமராகி நிறபேதக் கொள்கையின் சிற்பி என்று பெயர் வாங்கிய ஹென்ட்ரிக் வெர்வூர்ட். ஒரு கொள்கையைக் காப்பதற்கென்றே ஒருவரை வளர்க்க நினைத்தாலும் இதைக்காட்டிலும் பொருத்தமான வளர்ப்பை ஏற்பாடு செய்திருக்க முடியாது.

வளர்த்தவர்களின் எதிர்பார்ப்பு வெகுகாலம் வீண்போகவும் இல்லை. போதகராக அபிஷேகம் பெற்ற நோடே, 1940-இல் சகோதரர் சங்கத்திலும் சேர்ந்தார். அதே ஆண்டில், ஜெனடெண்டால் என்ற ஊரில் கலப்பினத்தாரிடையே ஊழியம் செய்த மொராவிய மிஷனரி ஒருவரின் மகளான இல்ஸ வீடரை மணந்தார். வெலிங்டன், லாக்ஸ்டன், பிரிட்டோரியா என்று சபைக்குச் சபை மாறி, நல்ல பிரசங்கி என்ற கீர்த்தியோடு உயர்ந்தார். 1948-இல் தேசியக் கட்சி வென்றபோதோ, அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தபோதோ அவர் மறுப்பாக ஒரு சொல்லும் சொன்னதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்த ரகசியச் சங்கத்தின் அங்கத்தினராகவே இருந்தார் என்பதை அவருடைய வரலாற்றை எழுதுவோர் மறைப்பதில்லை, அவரும் மறைத்ததில்லை.

மாற்றம் ஒரே நாளில் மின்னலாக வந்து இறங்கிவிடவில்லை. 1953-இல் இளைஞர் பணியை ஆராய வெளிநாடு சென்றிருந்தபோது, அங்கிருந்த கிறிஸ்தவர்கள் தென்னாப்பிரிக்காவைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு நேர்மையான பதில் தம்மிடம் இல்லை என்பதை அவர் உணர்ந்தார். ஸ்டெல்லன்போஷில் அவருக்கு ஆசிரியராக இருந்த பி. பி. கீட் என்ற இறையியலாளர், நிறப் பிரிவினைக்கு வேத ஆதாரம் இல்லை என்று அந்நாட்களில் துணிந்து எழுதியதும் அவரைச் சிந்திக்க வைத்தது. நோடே தாமே புதிய ஏற்பாட்டை எடுத்து, தம் சபை காட்டிய ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார், எதுவும் நிற்கவில்லை. இதற்கிடையில், கறுப்பர், கலப்பினத்தார், இந்தியர் ஆகியோரின் சபைகளில் ஊழியம் செய்துவந்த இளம் வெள்ளைப் போதகர்கள் சிலர், தாங்கள் கண்ணால் காண்பதை நம்ப முடியாமல் தவித்து, நேரில் வந்து பார்க்குமாறு அவரை அழைத்தார்கள். அவர் சென்றார். மனைவி மக்களைக் கிராமத்தில் விட்டுவிட்டுச் சுரங்கத்தில் உழைக்க வந்தவர்கள் ஆண்கள் விடுதிகளில் அடைபட்டுக் கிடப்பதையும், சட்டம் ஒரு குடும்பத்தை நடுவே பிளந்து போடுவதையும் அவர் தம் கண்களால் பார்த்தார். நாற்பது வயதைக் கடந்த ஒருவர், தாம் பிறந்த நாட்டை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார் என்று சொன்னாலும் மிகையாகாது. ஆயினும் உள்ளத்தில் உணர்ந்ததை வாய் திறந்து சொல்ல அவருக்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின. மேடையில் பேசினால் சபையின் நம்பிக்கையை இழப்போம், உள்ளே இருந்தபடியே மெல்லத் திருத்தலாம் என்று உலகில் நல்லவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானத்தையே அவரும் தமக்குச் சொல்லிக்கொண்டார்.

1960-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் தேதி அந்தச் சமாதானம் குலைந்தது. அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்து ஷார்ப்வில் போலீஸ் நிலையத்தின் முன் கூடிய ஆப்பிரிக்கர்மீது போலீஸார் சுட்டதில் 69 பேர் மாண்டார்கள். உலகத் திருச்சபைகள் மன்றம் உடனே கவலை கொண்டு, அவ்வாண்டு டிசம்பரில் ஜோஹன்னஸ்பர்க் நகரின் காட்டஸ்லோ என்ற பகுதியில் தன்னைச் சார்ந்த எட்டுத் திருச்சபைகளின் 80 பிரதிநிதிகளை ஒரு வார காலம் கூட்டிவைத்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக அமர்ந்து விவாதித்த அந்தச் சபையில் நோடேயும் ஒரு பிரதிநிதி. நிறத்தைக் காரணமாகக் காட்டி எவரையும் எந்த ஆலயத்திலிருந்தும் விலக்கலாகாது, கலப்பு மணத்தைத் தடுக்க வேதத்தில் ஆதாரம் இல்லை என்று அங்கே நிறைவேறிய தீர்மானத்தை டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் பிரதிநிதிகளும் ஆதரித்தார்கள். நாடே அதிர்ந்தது. பிரதமர் வெர்வூர்ட், அவர்கள் தங்கள் சொந்த அபிப்பிராயத்தைச் சொன்னார்களேயன்றிச் சபையின் குரலாகப் பேசவில்லை என்று பகிரங்கமாகக் கண்டித்தார். பிரதமரின் புருவம் நெரிந்ததும், ஆதரித்த போதகர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பின்வாங்கினர். அடுத்த ஆண்டில் மாகாணப் பேரவைகள் தீர்மானத்தை நிராகரித்து, உலக மன்றத்தைவிட்டே விலகின. சொன்ன சொல்லை மாற்ற மறுத்து நோடே நின்றார்.

1962-இல் ‘புரோ வெரிடாட்டே’ என்ற பத்திரிகைக்கு அவர் ஆசிரியரானார். 1963-இல், எல்லா நிறத்துக் கிறிஸ்தவர்களும் கலந்து சிந்திக்கவும் செயலாற்றவும் கிறிஸ்தவ நிலையம் ஒன்று அமைக்கப்பட்டபோது, அதன் இயக்குநராகும்படி அழைப்பு அவருக்கே வந்தது. அப்போது அவர் தென் டிரான்ஸ்வால் பேரவையின் தலைவர். ஜோஹன்னஸ்பர்க்கில் செல்வர்கள் நிறைந்த ஆஸ்வூல்காப் சபையின் போதகர். தேசிய வாழ்வில் மேலும் உயர்பதவிகள் அவரை நோக்கிக் காத்திருந்தன. திருச்சபை அவருக்கு இரண்டில் ஒன்று என்று நிபந்தனை விதித்தது: நிலையத்தின் பதவியை ஏற்றால் போதகர் என்ற அந்தஸ்தை விட வேண்டும். அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்வூல்காப் ஆலயத்தின் பிரசங்க பீடத்தில் ஏறி, மனிதருக்குக் கீழ்ப்படிவதா, கடவுளுக்குக் கீழ்ப்படிவதா என்ற பழைய அப்போஸ்தலர்களின் கேள்வியையே விஷயமாக எடுத்துக்கொண்டு பேசி, தாம் கடவுளுக்குக் கீழ்ப்படியத் தீர்மானித்துவிட்டதைச் சபையாருக்கு அறிவித்தார். அன்று அவர் இழந்தவற்றுள் மாதச் சம்பளமும் வீடும் சிறியவை. தம் மொழி, தம் ஜனம், தம் நண்பர்கள் என்று ஒரு மனிதனைச் சூழ்ந்து நின்று காக்கும் உறவுகள் அனைத்தும் அன்றோடு அறுந்துபோயின.

அதற்கு முன்பே சகோதரர் சங்கத்திலிருந்தும் அவர் விலகியிருந்தார். சங்கம் சபைக்குள் எவ்வாறு ரகசியமாகக் கைவைக்கிறது என்று அறிந்து கலங்கிய அவர், ஆலோசனை கேட்பதற்காகச் சங்கத்தின் அந்தரங்கப் பத்திரங்களை ஆல்பர்ட் கைசர் என்ற வேத பண்டிதரிடம் காட்டியிருந்தார். கைசர் மூலமாக அவை ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்குச் சென்று அம்பலமாயின. பத்திரங்களைக் கொடுத்தவர் தாமே என்று நோடே பகிரங்கமாக ஒப்புக்கொண்டபோது, துரோகி என்ற பட்டம் அவருக்கு நிரந்தரமாயிற்று.

பதினான்கு ஆண்டுகள் அவர் நடத்திய கிறிஸ்தவ நிலையம் ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை. வெள்ளையரின் மனச்சாட்சியை வேத வாதத்தால் எழுப்பிவிடலாம் என்ற நம்பிக்கையோடு அது தொடங்கிற்று. 1968-இல் நிலையத்தைச் சேர்ந்தவர்களும் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றத்தாரும் கூடி, நிறபேதக் கொள்கை கிறிஸ்தவ சுவிசேஷத்துக்கே பகையானது என்று நாட்டு மக்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தார்கள். அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் செய்ததை இங்கே செய்யலாம் என்று போதகர்கள் எண்ண வேண்டாம் என்ற கருத்தில் பிரதமர் வார்ஸ்டர் எச்சரித்தார். வெள்ளையருள் பெரும்பாலோர் செவிசாய்க்கவில்லை. கல்வி, சட்டம், பொருளாதாரம் ஆகிய துறைகளில் நிறபேதத்துக்கு மாற்று வழிகளை நிபுணர்களைக் கொண்டு ஆராயச் செய்த நிலையம், ஆராய்ச்சி முடிந்தபின் கறுப்பின மக்கள் தாமே நடத்தும் சமூகத் திட்டங்களுக்குத் துணை நிற்பதே தன் கடமை என்ற முடிவுக்கு வந்தது. கறுப்பின விழிப்புணர்ச்சி இயக்கத்தின் தலைவரான இளைஞர் ஸ்டீவ் பீக்கோ அத்தகைய ஒரு திட்டத்தில்தான் பணியாற்றினார். வெள்ளையரின் தயவு எங்களுக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன அந்த இளைஞர்களின் பேச்சைக் கேட்டு மற்ற தாராளவாதிகள் முகம் சுளித்தபோது, நோடே அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு என்று ஏற்று, தலைமையை அவர்களிடம் விட்டுவிட்டுப் பின்னே நிற்கப் பழகினார். ஒரு சீர்திருத்தவாதிக்குச் சிறைவாசத்தைக்காட்டிலும் கடினமான பயிற்சி இதுவே என்பது என் எண்ணம்.

அரசாங்கம் நிலையத்தை விசாரிக்கப் பார்லிமெண்டு கமிஷன் ஒன்றை நியமித்தது. கதவை மூடிக்கொண்டு ரகசியமாக விசாரிக்கும் குழு, நீதிமன்றம் ஆகாது என்று கூறி அதன் முன் சாட்சி சொல்ல நோடே மறுத்தார். ஐம்பது ராண்டு அபராதம் அல்லது ஒரு மாதச் சிறை என்று தண்டனை விதிக்கப்பட்டபோது, அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குச் சென்றார். ஓர் இரவு கழிந்தபின் வேறொருவர் பணத்தைக் கட்டிவிடவே வெளியே வர நேர்ந்தது. 1977 செப்டம்பர் 12-ஆம் தேதி பீக்கோ போலீஸ் காவலில் மாண்டார். அடுத்த மாதம் 19-ஆம் தேதி, கிறிஸ்தவ நிலையம் உட்படப் பதினெட்டு ஸ்தாபனங்கள் ஒரே நாளில் சட்ட விரோதமாக்கப்பட்டன. நோடேயும் தடை ஆணைக்கு உள்ளானார்.

தடை ஆணை என்பது அந்த ஆட்சி கண்டுபிடித்த விசித்திரமான தண்டனை. அதற்கு வழக்கு இல்லை, விசாரணை இல்லை, மந்திரியின் கையெழுத்து ஒன்றே போதும். தடைக்கு உள்ளானவர் தம் வீட்டிலேயே வசிக்கலாம், ஆனால் வீட்டாரைத் தவிர ஒரே சமயத்தில் ஒருவருக்கு மேல் எவரையும் சந்திக்கலாகாது, ஜோஹன்னஸ்பர்க் எல்லையைத் தாண்டலாகாது, கூட்டத்தில் பேசலாகாது, அவர் எழுதியதையோ சொன்னதையோ எந்தப் பத்திரிகையும் பிரசுரிக்கலாகாது. கிரீன்சைடு என்ற பகுதியிலிருந்த நோடேயின் வீட்டுக்கு வருகிறவர்கள் வெவ்வேறு அறைகளில் காத்திருந்து, ஒருவர் வெளியேறியபின் ஒருவராக அவருடைய படிப்பறைக்குள் செல்வார்கள். மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பேசினால் ராஜ்யத்துக்கு ஆபத்து என்று அஞ்சிய ஆட்சிக்கு, ஒவ்வொருவராக வந்தவர்கள் எதைப் பெற்றுச் சென்றார்கள் என்பதைத் தடுக்க வழி தெரியவில்லை. இந்த நிலை ஏழாண்டுகள் நீடித்தது. அதற்கிடையில், 1980-இல், வெள்ளையரின் திருச்சபையை விட்டு நீங்கி, அதே திருச்சபை ஆப்பிரிக்கருக்கென்று ஒதுக்கிவைத்திருந்த கறுப்பரின் சபையில் சேர்ந்து கொண்டார். நூற்று இருபது ஆண்டுகளுக்கு முன் எந்தத் திருவிருந்தில் ஒன்றாக அமர வெள்ளையர் கூசினார்களோ, அதில் விருந்தாளியாகப் போய் அமர்ந்தார் என்று இதனைச் சொல்லலாம்.

1984-இல் தடை நீங்கியது. மறு ஆண்டு, டூட்டுவுக்குப் பின் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றத்தின் பொதுச் செயலாளர் பொறுப்பு எழுபது வயதான நோடேயிடம் வந்தது. 1990 மே மாதம், மண்டேலா விடுதலையானபின் அரசாங்கத்தோடு நடந்த முதல் பேச்சுவார்த்தைக்கு ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் அனுப்பிய குழுவில், அக்கட்சியின் அங்கத்தினராக இல்லாமலே இடம் பெற்ற ஒரே ஆப்பிரிக்கானர் அவரே. மேசையின் எதிர்ப்புறத்தில் அமர்ந்திருந்த மந்திரிகள் பேசியது அவருடைய தாய்மொழி.

திருச்சபையின் மனமாற்றம் அவரைக்காட்டிலும் மிகத் தாமதமாகவே வந்தது. 1982-இல் ஆட்டவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டணி, நிறபேதத்துக்கு வேத நியாயம் கற்பிப்பது வேதப் புரட்டு என்று தீர்மானித்து, வெள்ளையரின் திருச்சபையை இடைநீக்கம் செய்தது. 1986-இல் அந்தத் திருச்சபை, நிறப் பிரிவினை வேதத்துக்கு விரோதமானது என்று முதன்முதலாக ஒப்புக்கொண்டது. 1994-இல், சுதந்திர நாட்டின் ஜனாதிபதியான மண்டேலா வந்து பேசிய அதே பேரவையில், நோடேயிடம் மன்னிப்புக் கோரியது. 2004 செப்டம்பர் 7-ஆம் தேதி, தம் 89-ஆம் வயதில் அவர் காலமானபோது, ராஜ்ய மரியாதையோடு நடந்த இறுதி ஆராதனை, 1963-இல் அவர் விடைபெற்ற ஆஸ்வூல்காப் ஆலயத்திலேயே நிகழ்ந்தது. போதகராயிருந்து பிரதமரான மலானின் பெயரால் ஜோஹன்னஸ்பர்க்கில் வழங்கிய பெருஞ்சாலை ஒன்று, அதற்கு முன்பே நோடேயின் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தது.

இவ்வளவையும் சொன்னபின், நோடேயினால் நிறபேத ஆட்சி வீழ்ந்தது என்று எவரேனும் முடிவு கட்டினால் அது தவறு. அதை வீழ்த்தியவர்கள் ஷார்ப்விலிலும் ஸோவெட்டோவிலும் சுடப்பட்டவர்கள், ராபன் தீவில் கல்லுடைத்தவர்கள், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள், பெயர் தெரியாத லட்சோபலட்சம் கறுப்பின மக்கள். இதை அவரே நன்கு அறிந்திருந்தார். ஆட்சியிடம் துப்பாக்கியும் சிறையும் இருந்தன. அவற்றோடு, தான் செய்வது தெய்வ சம்மதமானது என்ற நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியைக் குலைப்பது வெளியிலிருந்து எவராலும் ஆகக்கூடிய காரியமன்று. கறுப்பர் சொன்னால் கலகக்காரர் என்றார்கள். அந்நிய தேசத்தார் சொன்னால் நம் துன்பம் அறியாதவர் என்றார்கள். ஆங்கிலேயர் சொன்னால் முகாம்களில் மாண்ட குழந்தைகளைக் காட்டினார்கள். வெரீனிகிங்கில் சம்மதிக்க மறுத்த ஆறு பேரில் ஒருவரின் மகன், அவர்களுடைய மொழியிலேயே, அவர்களுடைய வேதத்தையே விரித்து வைத்துக்கொண்டு சொன்னபோதுதான் பதில் சொல்லத் தெரியாமல் கோபித்தார்கள்.

மதம் மனிதரைப் பிரிக்கிறது என்று ஒரு சாராரும், மதமே மனிதரை இணைக்கிறது என்று மறு சாராரும் வாதிடுவதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் சரித்திரத்தில் இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. பலவீனருக்காக என்று சொல்லி அது அளித்த ஒரு சிறு சலுகை, தொண்ணூறு ஆண்டுகளில் ஒரு தேசத்தின் சட்டப் புத்தகமாக வளர்ந்தது. அந்தச் சலுகையைத் தவறு என்று ஒப்புக்கொள்ள மேலும் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. சலுகை அளித்தவர்கள் எவரும் கொடியவர் அல்லர். யாரையும் நோகடிக்காமல் காரியத்தை நடத்த நினைத்த நல்ல மனிதர்கள் அவர்கள். நோடேயும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்படிப்பட்ட நல்ல மனிதராகவே வாழ்ந்தார். அவரைப் பெரியவராக்கியது, தம்மவரை நோகடித்தேனும் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டிய வேளை வந்தபோது, அந்த நற்பெயரைத் தாமே துறந்த துணிவுதான்.